ரெண்டு அடிக்கு நடுவுல ஒரு மூச்சு

எங்கள் பாண்டில் 13 பேர். 110 ஆட்கள் 5, 119 ஆட்கள் 4, 1990 ஆட்கள் 4. கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்த இலக்கங்கள் மனப்பாடம். வெளியில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நெருப்புக்கு 110, பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990. நான் 1990. வேலைக்குச் சேர்ந்தது 2018இல். வண்டியின் பின்பக்கத்தில் நோயாளியோடு இருக்கிற ஆள் நான். முன்னால் ஓட்டுகிறவரை நாங்கள் பைலட் என்போம்.

பாண்ட் என்றதும் கல்யாண வீட்டு ட்ரம்பெட் பாண்டை நினைக்க வேண்டாம். எங்களுடையது பேக்பைப் பாண்ட். ஸ்கொட்லாந்துக்காரர்களின் பை வைத்த குழல் 5, சைட் ட்ரம் 4, டெனர் ட்ரம் 3, பாஸ் ட்ரம் 1. ஞாயிறு காலை 9 மணிக்குத் தெமட்டகொடையில் ஒரு பழைய சாமான் கொட்டிலில் கூடுவோம். டியூட்டி இல்லாதவர்கள் வருவார்கள். பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள். எந்தத் திணைக்களமும் எங்களை அமைக்கவில்லை, யாரும் சம்பளம் தருவதில்லை. முன்பு வேறு ஒரு ஹோலில் பழகினோம். ஆறு மாத வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, இரண்டாவது மாதமே சத்தம் கூடிப்போச்சு என்று பூட்டை மாற்றிவிட்டார்கள். மிச்சக் காசு இன்றுவரை வரவில்லை. சத்தம் கூடத்தான். ஒரு பைப் மட்டுமே 100 டெசிபலைத் தாண்டும், அதனால் நாங்கள் எல்லோருமே காதில் அடைப்பான் வைத்துத்தான் பழகுகிறோம். ஆனால் அதை முதலிலேயே சொல்லித்தான் ஹோலை எடுத்தோம். கொட்டில் பரவாயில்லை. பின்னால் ரயில் பாதை, பக்கத்தில் லொறி கராஜ். யாருக்கும் எங்களால் தொந்தரவு இல்லை.

நான் இதற்குள் வந்தது ஒரு நெருப்பினால். 2021இல் ஒரு இரவு, மருதானைப் பக்கம் ஒரு கடை எரிந்தது. புகை குடித்த ஒரு தீயணைப்புக்காரரை எங்கள் வண்டியில் ஏற்றி ஒட்சிசன் வைத்தேன். கண் மூடிக் கிடந்தார். ஆனால் வலது கை விரல் இரண்டும் ஸ்ட்ரெச்சர் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தன. நடுக்கமோ என்று முதலில் பயந்தேன். குனிந்து கேட்டால் நடுக்கமில்லை, கணக்கான தட்டு. ஏழு தட்டி ஒன்றை விடுகிறார், மறுபடி ஏழு. நான் யோசிக்கவேயில்லை, விட்டுப்போன அந்த எட்டாவதை ஒட்சிசன் சிலிண்டரில் என் நகத்தால் தட்டினேன். அவர் கண்ணைத் திறந்தார். மாஸ்க்கைச் சற்றே தூக்கி, "நங்கி, யார் சொல்லித் தந்தது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அப்பா என்றேன்.

"அப்பா ட்ரம் அடிப்பாரா?"

தலையாட்டினேன். ட்ரம் என்பதற்குத் தலையாட்டியது அப்போதே உறுத்தியது. அப்பா அடிப்பது தப்பு என்கிற தோல் வாத்தியம்.

டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா பகலில் மலையில் கவ்வாத்து வெட்டுவார், யாராவது செத்தால் தப்பை எடுப்பார். காமன் கூத்துக்கும் அவர்தான், தீமிதிக்கும் அவர்தான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு சாவு விழுந்தால் விடிவதற்குள் அப்பாவின் தப்புச் சத்தம் அடுத்த டிவிசனுக்குப் போய்விடும். அதைக் கேட்டுத்தான் சனம் வேலைக்குப் போகாமல் நிற்கும். இவ்வளவு பெரிய காரியம் செய்கிற மனிதருக்குச் சாவு வீட்டில் தேத்தண்ணி தனிக் கோப்பையில் வரும். பள்ளிக்கூடத்தில் என்னைத் "தப்புக்காரன் மகள்" என்பார்கள். "உங்கப்பா தப்புப் பண்றவராடி?" என்று சிரிப்பார்கள். அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது எத்தனை பிள்ளைகளுக்கு வசதியாகப் போயிற்று. ஏ.எல். முடித்துக் கொழும்புக்கு வந்தபோது அந்தச் சொல்லை மலையிலேயே விட்டுவிட்டு வந்தேன். யார் கேட்டாலும், அப்பா தோட்டத் தொழிலாளி. அவ்வளவுதான்.

அந்தத் தீயணைப்புக்காரர் குணமாகி என்னைத் தேடிப் பிடித்தார். எங்கள் பாண்டின் தலைமை சைட் ட்ரம் அவர்தான். டெனர் ட்ரம்முக்கு ஆள் வேண்டும், ஒரு ஞாயிறு வந்து பாருங்கள் என்றார்.

முதல் ஞாயிறு போனபோது கொட்டிலில் ஒரு பழைய கரும்பலகை. அதன் முன்னால் வெள்ளைத் தாடி, மெலிந்த உடம்பு. கொம்பனித்தெரு மலாய்க்காரர், நெருப்பு அணைக்கும் வேலையில் ஓய்வுபெற்றவர். அந்த நாளில் இலங்கை மலாய்க்காரரில் எத்தனையோ பேர் பொலிஸ், சிறைச்சாலை, தீயணைப்பு என்றுதான் போனார்கள். இவருடைய அப்பாவும் அப்படியே. நாங்கள் எல்லோரும் துவான் அங்கிள் என்போம். பாண்டை நடத்துகிற பைப் மேஜர் அவர்தான். சிங்களம், தமிழ், மலாய் மூன்றும் ஒரே வசனத்துக்குள் பேசுவார்.

அன்றைக்கு அவர் பலகையில் பாட்டு வகைகளை எழுதிக்கொண்டிருந்தார். மார்ச், ரீல், ஜிக், கடைசியில் ஸ்ட்ரத்ஸ்பே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்ட்ரத்ஸ்பே எங்கள் அத்தையைக் கட்டிக்கொடுத்த தோட்டம். அப்கொட்டில் இருக்கிறது. சின்ன வயதில் பஸ் மாறி மாறி அங்கே போயிருக்கிறேன். "அங்கிள், அது தோட்டம்" என்றேன். அவர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மகள், அது ஆறு. ஸ்பே என்டது ஸ்கொட்லாந்தில ஒரு ஆறு. ஸ்ட்ரத் என்டா அகலமான பள்ளத்தாக்கு. அங்க ஆடுற ஆட்டத்துக்கு வாசிக்கிறதுதான் இது" என்று சொல்லி, கையால் தொடையில் தட்டிக் காட்டினார். ஒரு அடி குட்டை, அடுத்தது நெட்டை, உடைத்து உடைத்துப் போகிற தாளம்.

அன்று இரவு அறைக்குப் போய் மலைநாட்டுத் தோட்டப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். டன்கெல்ட் அங்கே ஒரு ஊர். ஹொலிரூட் எடின்பரோவில் ஒரு அரண்மனை. ஹற்றன் என்ற பெயரே அபர்டீன்ஷயரில் இருந்து வந்ததாம். லூல்கந்துரவில் 1867இல் முதல் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான். கோப்பியை 1869இலிருந்து இலை நோய் தின்றுகொண்டு போக, தேயிலையைப் பிடித்துக்கொண்ட துரைமாரில் பலர் அந்த நாட்டவர்கள். தங்கள் ஊர்ப் பெயர்களை எங்கள் மலைகளுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பேர் வைத்தார்கள், நாங்கள் பேர் போட்டோம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த இரண்டாவது 'பேர்' என்னவென்று தெரியும்: ஒரு நாள் வேலைக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் விழுகிற பேர்.

பேக்பைப்பைக் கிட்டத்தில் பார்க்காதவர்களுக்கு: இடது கக்கத்தில் ஒரு பை. அதில் ஊதுகிற குழாய் ஒன்று. விரல் வைத்து வாசிக்கிற குழல் ஒன்று, அதைச் சான்டர் என்பார்கள். அதில் மொத்தமே 9 சுரம். தோளில் சாய்ந்திருப்பவை ட்ரோன்கள் 3. அவை பாட்டு வாசிப்பதில்லை, ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நாதஸ்வரக் கச்சேரியில் பக்கத்தில் நின்று ஒத்து ஊதுகிறவரை யோசித்துப் பாருங்கள், அந்த வேலைதான். நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி சான்டருக்கும் நாணலில் செய்த இரட்டை நாக்கு உண்டு, அதுதான் ரீட். ஊதுகிறவர் மூச்சு எடுக்கும்போது பையை முழங்கையால் அமுக்குவார், சத்தம் அறாது. அதனால்தான் பைப்பில் இடைவெளி கிடையாது. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஒரே சுரத்தை இரண்டு தரம் வாசிக்க வேண்டுமானால் நடுவில் வேறொரு சுரத்தைக் கண்ணிமைக்கும் நேரம் தொட்டுவிட்டு வரவேண்டும்.

நிற்காத அந்தச் சத்தத்தில் எங்கே கால் வைப்பது என்று சொல்வது நாங்கள், ட்ரம்காரர்கள். சைட் ட்ரம் பொடிப் பொடியாகப் பேசும். டெனர் அதற்கு நிழல் போடும். பாஸ் காலடி. நான் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் புரிந்துகொண்டேன், ஏனென்றால் அப்பாவின் குழுவிலும் இதேதான்.

எங்களிடம் உள்ள பைப்புகளில் 4 பாகிஸ்தானின் சியால்கோட்டில் செய்தவை. உலகத்தில் மலிவாகப் பைப் வேண்டுமானால் அங்கேதான் போகவேண்டும். துவான் அங்கிளிடம் மட்டும் ஸ்கொட்லாந்தில் செய்த பழைய செட் ஒன்று இருக்கிறது. தான்சானியா, மொசாம்பிக் பக்கம் வளருகிற கருமரத்தில் கடைந்தது. அதைச் சுருதி சேர்ப்பதைப் பார்க்க நான் கால் மணி முன்னதாகவே போய்விடுவேன். இடது கையால் வாசித்துக்கொண்டே வலது கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய், ட்ரோனின் மேல் துண்டை ஒரு மயிரிழை ஏற்றுவார், இறக்குவார். சேராத வரைக்கும் சத்தம் வண்டு மாதிரிச் சுழலும். சேரும்போது சுழற்சி மெதுவாகி, மெதுவாகி, நின்றுவிடும். அந்த இடத்தில் அவர் கண்ணை மூடுவார். கொழும்பு வெயிலில் அது பத்து நிமிடம் நிலைத்தாலே பெரிய காரியம். சூட்டில் சான்டரின் சுருதி ஏறும். துளையின் மேல் விளிம்பில் துண்டு டேப் ஒட்டி இறக்குவார். மூச்சின் ஈரம் உள்ளே தங்கி ரீட் நனைந்தால் அதுவும் போச்சு. 2022இல் பெற்றோல் வரிசையும் இறக்குமதித் தடையுமாக இருந்த நாளில் ஒரு ரீட் எடுக்க முடியாமல், ஒரே ரீட்டை இரண்டு பேர் வாரம் மாறி வாரம் வைத்து வாசித்தார்கள்.

பாட்டு முடிந்தால் சாப்பாடு. இதைச் சொல்லாமல் போனால் துவான் அங்கிளின் மனைவி என்னை விடமாட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறு பிட்டும் பாபத்து என்கிற குடல் கறியும் வரும். மற்ற ஞாயிறுகளில் இஞ்சி போட்ட பிளேன்டீயும் மீன் வைத்த மாலுபாணும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் வேலையில் நான் பார்த்ததை அறைத்தோழியிடம் சொல்ல முடியாது, அம்மாவிடம் சொல்லவே முடியாது. ஒரு முறை ஒரு சின்னப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முன் இழந்தேன். அந்த ஞாயிறு பிளேன்டீ கோப்பையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். பாஸ் ட்ரம் அடிக்கிற சார்ஜன்ட் அய்யா, ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்து, "எத்தனை வயசு?" என்று மட்டும் கேட்டார். "நாலு" என்றேன். அவர் தன் மாலுபாணைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தார். வேறு ஒன்றும் பேசவில்லை.

சார்ஜன்ட் அய்யாவிடம்தான் கணக்குக் கொப்பியும் இருந்தது. மாதம் ஆளுக்கு 500 ரூபா. நவம்பர் 30 ஸ்கொட்லாந்துக்காரரின் புனித அந்திரேயா நாள், ஜனவரி 25 அவர்களுடைய கவிஞர் பேர்ன்ஸின் பிறந்தநாள். அந்த நாட்களில் கொழும்பு ஹோட்டல் விருந்துகளுக்குப் பைப்பர் தேவைப்படும். அந்தக் காசும் கொப்பிக்குத்தான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அன்றே கையில் ஒரு தொகை. ஊரில் மரணாதாரச் சங்கம் செய்கிற அதே வேலை.

ஈஸ்டர் குண்டுகள் வெடித்த 2019 ஏப்ரல் 21ஆம் திகதியும் ஞாயிறு. நான் அப்போது பாண்டில் இல்லை. டியூட்டியில் இருந்தேன். அன்றைக்கு நான் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. பாண்ட் பக்கம் நடந்ததைத் துவான் அங்கிள் பிறகு சொன்னார். 9 மணிக்குப் பழக வந்தவர்கள் பைப்பைப் பெட்டியில் இருந்து எடுக்கும்போதே எல்லோருடைய போனும் ஒன்றாக அடித்திருக்கிறது. ஓய்வுபெற்றவர்களும் சேர்ந்தே ஓடியிருக்கிறார்கள். பைப்புகள் அப்படியே நிலத்தில் கிடந்தன, யாரும் மூன்று வாரம் கொட்டிலைத் திறக்கவில்லை.

மறுபடி திறந்த நாளில் அவர் நியூயோர்க் தீயணைப்புக்காரரின் பாண்டைப் பற்றிச் சொன்னாராம். அமெரிக்காவில் பொலிஸிலும் தீயணைப்பிலும் பைப் பாண்ட் வைப்பது அயர்லாந்தில் இருந்து போன குடியேறிகளால் வந்த வழக்கம். ஒரு காலத்தில் மற்றவர்கள் எடுக்காத ஆபத்தான வேலைகள் அவர்களுக்குத்தான் கிடைத்தன. செத்தவர்களைத் தங்கள் ஊர் வாத்தியத்தோடு அனுப்பினார்கள். நியூயோர்க் தீயணைப்பின் பைப் பாண்ட் 1962இல் தொடங்கியது. 2001 செப்டம்பர் 11இல் அந்தப் படையில் 343 பேர் ஒரே நாளில் இறந்தார்கள். ஒருவரையும் வாசிக்காமல் அனுப்புவதில்லை என்று பாண்ட் முடிவெடுத்தது. சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து, ஒரே நாளில் பல இடங்களுக்குப் போய், அடுத்த வருடம் வரைக்கும் வாசித்தார்கள். செத்தவர்கள் அவர்களோடு ஒரே சமையலறையில் சாப்பிட்டவர்கள். இடிபாட்டில் தோண்டவும் இவர்களே போனார்கள், வாசிக்கவும் இவர்களே வந்தார்கள்.

இதை எனக்குச் சொன்னபோது துவான் அங்கிள் இன்னொன்றும் சொன்னார்: "நாங்க சின்ன பாண்ட், மகள். ஆனா எங்கட ஆள் ஒருத்தரையும் சும்மா அனுப்புறதில்ல."

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அப்பாவும் அதைத்தானே செய்கிறார். 40 வருடமாக எங்கள் டிவிசனில் ஒருவரையும் அவர் சும்மா அனுப்பியதில்லை.

2023இல் அப்பாவுக்குக் கண்ணில் வெள்ளை. லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள கண் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன். என் அறையில் தங்கினார். ஞாயிறு அவரைத் தனியே விட மனமில்லாமல் கூட்டிப்போனேன். கண்ணில் பச்சை மறைப்போடு கதிரையில் இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தார். காலின் பெருவிரல் மட்டும் செருப்புக்குள் அசைந்தது. முடிந்ததும், "அந்தக் குழல்காரங்க நிப்பாட்டவே மாட்டாங்களா?" என்று கேட்டார். பையைப் பற்றிச் சொன்னேன். "ஓ, ஒத்து" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாப்பா, உனக்கு அந்தப் பக்கம் நிக்கிற தம்பி முந்துறான். பாட்டு ஏறும்போதெல்லாம் முந்துறான்" என்றார்.

துவான் அங்கிள் பிளேன்டீயோடு வந்தார். "உங்கட மகள் சொன்னா, நீங்களும் ட்ரம் என்டு. என்ன ட்ரம்?"

அப்பா மறைப்பில்லாத கண்ணால் என்னைப் பார்த்தார். கோபமில்லை. அது கோபமாக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ட்ரம்மு இல்லீங்க ஐயா. நான் தப்பு அடிக்கிறவன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. துவான் அங்கிள் கோப்பையை அப்பாவின் கையில் கொடுத்தார். எங்கள் எல்லோருடையதும் ஒரே மாதிரிக் கோப்பைதான், நீலக் கோடு போட்டது. "அடுத்த கிளினிக் எப்ப? வரக்குள்ள கொண்டு வாங்க" என்றார்.

மூன்று வாரத்தில் அப்பா ஹற்றனில் இருந்து ரயிலில் வந்து மருதானையில் இறங்கினார். கையில் கோதுமை மா சாக்கு, சாக்குக்குள் பழைய சாரத்தில் சுற்றிய தப்பு. வட்ட மரச் சட்டம், புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய கன்றுத் தோல், ஓரமெல்லாம் அவருடைய கை பட்டுக் கறுத்த மரம். நேரே கொட்டிலுக்குப் போனோம்.

தோலைச் சூடு காட்டவேண்டும். கொட்டிலுக்குப் பின்னால் கடதாசியும் காய்ந்த தென்னோலையும் போட்டு அப்பா நெருப்பு மூட்டினார். அவ்வளவுதான், உள்ளே இருந்த 110 ஆட்கள் ஐந்து பேரும் ஒன்றாக எழுந்து வெளியே வந்தார்கள். ஒருவர் வழக்கத்தில் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டே வந்து, பிறகு மெதுவாகக் கீழே வைத்தார். அப்பா தப்பை நெருப்பின் மேல் சுற்றிச் சுற்றிக் காட்டினார். சுடரில் இல்லை, சுடருக்கு மேலே இரண்டு சாண் தள்ளி. நகத்தால் சுண்டிப் பார்ப்பார். டொப் என்றது. மறுபடி காட்டினார். டொம் என்றது. ஐந்து பேரும் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். ஏன் ஓலை, ஏன் விறகு இல்லை, எவ்வளவு நேரம் சூடு நிற்கும், தோல் வெடிக்காதா. நான் மொழிபெயர்த்தேன். விறகின் தணல் ஒரே இடத்தில் சுடும், ஓலைச் சுடர் பரவலாகப் போகும் என்றார் அப்பா. ஒருவர், "ஆமாம், சரி" என்று தலையாட்டினார். நெருப்பைத் தெரிந்தவர்கள் நெருப்பைத் தெரிந்தவரோடு பேசுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் போல இருந்தது. கடைசியில் சுண்டினால் டிங் என்று கம்பி மாதிரி நின்றது.

வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய நீளச் சிம்புக்குச்சி. அப்பா காமன் கூத்து அடிதான் முதலில் எடுத்தார். இரண்டாவது சுற்றில் தலைமை சைட் ட்ரம்காரர், என் சிலிண்டர் நண்பர், உள்ளே வந்து சேர்ந்தார். அவர்கள் தொடக்கத்தில் பழகுகிற இரட்டைத் தட்டுக்கு டாடி மாமி என்று பெயர், வலது இரண்டு, இடது இரண்டு. அதை வைத்துக்கொண்டே அப்பாவின் சிம்புக்குச்சிக்குப் பின்னால் போனார். அப்பா சிரித்தார். கொழும்பில் அப்பா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சாவுக்கு எப்படி அடிப்பீர்கள் என்று சார்ஜன்ட் அய்யா கேட்டார். அப்பா குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். "சாவு அடியச் சும்மா அடிக்கக் கூடாதுங்க." பிறகு, கேட்டவர் மனம் நோகக்கூடாதென்று, முழங்காலில் உள்ளங்கையை வைத்து வாயாலேயே சொல்லிக் காட்டினார். வாயால் சொல்வது துவான் அங்கிளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஸ்கொட்லாந்திலும் நொட்டேஷன் எழுதப் பழகும் முன்பு பைப் பாட்டை இப்படி வாயால் பாடித்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களாம், ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு அசை. அவர் ஹிஹரின் என்று ஏதோ பாட, அப்பா தா தகு என்று ஏதோ சொல்ல, நாங்கள் கோப்பைகளைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்பா அன்று சார்ஜன்ட் அய்யாவிடம் ஒன்று சொன்னார், நான்தான் சிங்களத்தில் சொன்னேன்: "ரெண்டு அடிக்கு நடுவுல ஒரு மூச்சு விடுங்க. தூக்கிட்டுப் போறவன் கால் எடுத்து வைக்க நேரம் வேணும்ல."

சார்ஜன்ட் அய்யா போன வருடம் ஒக்டோபரில் இறந்துபோனார். பக்கவாதம், மூன்றே நாள். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எங்கள் 1990 வண்டிதான், ஆனால் என் ஷிப்ட் இல்லை.

அவருடைய பாஸ் ட்ரம் குறுக்களவு 28 அங்குலம். அதை அடிக்க வேறு ஆள் இல்லை. துவான் அங்கிள் என்னைப் பார்த்தார். தோள் வாரை எட்டுத் துளை இறுக்கித்தான் எனக்குச் சரிவந்தது. ட்ரம்மைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டினோம், சத்தம் அடங்கி வருவதற்காக. அது பைப் பாண்டுகளுடைய வழக்கம். வெள்ளைத் துணியும் வெள்ளைக் கொடியும் தெருவில் கட்டியிருந்தது சார்ஜன்ட் அய்யா வீட்டாருடைய வழக்கம். பிக்குமார் பாங்சுகூலம் என்ற மரணச் சடங்கை முடித்து எழுந்ததும் பெட்டியைத் தூக்கினார்கள். பொரளை கனத்தை மயானத்தின் வாசலில் இருந்து நாங்கள் முன்னால்.

ஐந்து மணி மழை பிடித்தது. ஒக்டோபர் மழை எப்படியென்று தெரியும்தானே. நூறு அடி போவதற்குள் ஒரு பைப் கீச்சென்று கத்தி நின்றது. ரீட் நனைந்துவிட்டது. அடுத்து இன்னொன்று. அவர்கள் இருவரும் பைப்பைத் தோளில் வைத்தபடியே நடந்தார்கள். மிச்சம் மூன்று. டெனரில் இருக்கிற தம்பி பதறி முந்தப் பார்த்தான். சைட் ட்ரம்களும் அவனோடு கொஞ்சம் ஓடின. எனக்கு முன்னால் எதுவுமே தெரியவில்லை, மழையும் ட்ரம்மின் விளிம்பும்தான். பின்னால் பெட்டி தூக்கியவர்களின் செருப்புச் சத்தம் ஈரத் தரையில் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டேன். ஒரு அடி. மூச்சு. ஒரு அடி. மூச்சு. அவர்கள் கால் விழுகிற இடத்தில் என் அடியைக் கொண்டுபோய் வைத்தேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக அதற்குள் வந்தார்கள். துவான் அங்கிளின் ட்ரோன் மட்டும் எங்கேயும் ஆடாமல் நின்றது.

கணக்குக் கொப்பியை அவருடைய மனைவி அடுத்த ஞாயிறு ஒரு மாலுபாண் பையோடு அனுப்பியிருந்தார். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் செப்டெம்பருக்குக் கட்டிய 500க்குச் சரி போட்டிருந்தது, அவருடையதற்கும். இப்போது அந்தக் கொப்பி என்னிடம்.

அப்பாவுக்கு இனிக் கொழும்புக்கு அடிக்கடி வர முடியாது. அதனால் ஞாயிறு 9 மணிக்கு வட்ஸ்அப்பில் அழைத்து, போனைச் சார்ஜன்ட் அய்யாவின் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டு ட்ரம்மை மாட்டிக்கொள்வேன். டிக்கோயாவில் சிக்னல் வந்து வந்து போகும். போன ஞாயிறு ஒரு ஸ்ட்ரத்ஸ்பே முடித்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தேன். முதலில் மழைச் சத்தம்தான் கேட்டது. பிறகு அப்பா.

"பாப்பா, அந்தத் தம்பி இன்னமும் முந்துறான். சொன்னியா?"

இல்லை என்றேன்.

"சொல்லு. கோவிக்க மாட்டான்."

தம்பி தன் ட்ரம்மைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் போய்ச் சொன்னேன்.